புகார் சொன்ன பிள்ளைக்கு யார் காவல்?

பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் படிக்கும் பிள்ளைகளின் மனநலத்தைக் காப்பதற்கென்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ம் தேதி 15 கட்டளைகளைப் பிறப்பித்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அளித்த தீர்ப்பு அது. மேற்கு வங்காளத்துக் குடும்பம் ஒன்று தன் 17 வயது மகளை 'நீட்' பயிற்சிக்காக விசாகப்பட்டினத்துக்கு அனுப்பியது. 2023 ஜூலையில் அந்தப் பெண் அங்கே இறந்தாள். உள்ளூர்ப் போலீசாரின் விசாரணையில் திருப்தி இல்லை, சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று தகப்பனார் நடத்திய வழக்கில்தான் இந்தக் கட்டளைகள் பிறந்தன. பெற்ற பிள்ளையை வேறு மாநிலத்தில் விட்டுவிட்டு, பாஷை தெரியாத போலீஸ் நிலையத்தில் நிற்க நேர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது.

100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற கட்டளை பலருடைய கண்ணில் பட்டிருக்கும். அதே தீர்ப்பில் அதைவிட முக்கியமான இன்னொன்று இருக்கிறது. சாதி, மதம், பால், வசதிக் குறைவு முதலியவற்றைச் சொல்லித் துன்புறுத்துவது, ராகிங், பாலியல் தொல்லை ஆகியவற்றைப் பற்றிய புகார்களை ரகசியமாகப் பெற்று விசாரிப்பதற்கு ஒவ்வொரு நிலையத்திலும் ஏற்பாடு வேண்டும் என்பது அது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதைச் சற்றும் பொறுக்கக் கூடாது என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது.

பழிவாங்குவது என்ற சொல் அங்கே சும்மா வந்து விழுந்ததல்ல. பள்ளியில் சக மாணவரிடம் கொடுமை அனுபவிக்கும் பிள்ளைக்கு மிகவும் ஆபத்தான நேரம் அடி வாங்கும் நேரம் அல்ல. அதைப் பெரியவர்களிடம் சொன்ன பிறகு வரும் நேரம்தான் அது.

நாங்குநேரியில் நடந்தது

மும்பையில், குறிப்பாகத் தாராவியில், வாழும் தமிழரில் பெரும் பகுதியினர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள நாங்குநேரியை அவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த ஊரைச் சேர்ந்த தலித் மாணவர் ஒருவர் வள்ளியூரில் பிளஸ் டூ படித்து வந்தார். நன்றாகப் படிக்கிற பையன். சக மாணவர்கள் சிலர் அவரைச் சாதியைச் சொல்லி இழிவு செய்து, மிரட்டி வந்தார்கள். பையன் சில நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளியில் காரணம் கேட்டார்கள். நடந்ததை அவர் சொன்னார். சம்பந்தப்பட்ட மாணவர்களைப் பள்ளி விசாரித்துக் கண்டித்தது.

பள்ளியைக் குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது? வராத மாணவரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், கேட்டார்கள், கண்டித்தார்கள். பல பள்ளிகளில் இவ்வளவுகூட நடப்பதில்லை. ஆனால் 2023 ஆகஸ்டு 9-ம் தேதி இரவு வீடு புகுந்து அந்தப் பையனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்களும் சிறுவர்களே.

கேலியில் தொடங்கியது மிரட்டலாகி, புகாரில் போய் முட்டி, அரிவாளில் முடிந்தது. புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவே இருந்த சில மணி நேரத்தில் அந்தப் பையனுக்குக் காவல் எதுவும் இல்லை. வகுப்பில் கண்டித்தாகிவிட்டது, விஷயம் முடிந்தது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அடித்தவர்களுக்கோ அப்போதுதான் விஷயம் தொடங்கியது. காட்டிக் கொடுத்துவிட்டான் என்ற ஆத்திரம், அதிலும் தங்களுக்குக் கீழே இருக்க வேண்டியவன் என்று ஊரும் வீடும் சொல்லிக் கொடுத்திருந்த ஒருவன் காட்டிக் கொடுத்துவிட்டான் என்ற ஆத்திரம்.

இதன் பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துருவைத் தமிழக அரசு ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக் கூடாது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க வேண்டும் என்பவை அதிலுள்ள யோசனைகளில் சில. கயிற்றை அறுப்பது அவசியந்தான். கயிறு இல்லாமலே யார் எந்தத் தெரு என்பது நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதையும் மறப்பதற்கில்லை. அந்தப் பையன் பிழைத்தெழுந்து 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மார்க் வாங்கினார்.

சண்டை வேறு, கொடுமை வேறு

'பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள், பிறகு சேர்ந்துகொள்வார்கள்' என்று சொல்வது வழக்கம். சண்டையைப் பொறுத்தவரை அது சரி. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும், இருவருக்கும் ஏறக்குறையச் சம பலம் வேண்டும். இன்று இவன் அடிப்பான், நாளை அவன் அடிப்பான்.

கொடுமை அப்படியல்ல. இந்த வித்தியாசத்தை முதலில் தெளிவாக வரையறுத்தவர் நார்வேயில் பணியாற்றிய டான் ஒல்வேயுஸ் என்ற மனவியல் பேராசிரியர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் மிகுந்தவர் பலம் குறைந்தவருக்குச் செய்வது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது கொடுமை என்றார் அவர். பலம் என்பது புஜபலம் மட்டுமல்ல. நாலு பேர் ஒரு பக்கம் நிற்பது பலம். உள்ளூர்ப் பாஷை பேசுவது பலம். நல்ல சட்டை, நல்ல செல்போன், மேல்சாதி என்ற எண்ணம் எல்லாம் பலந்தான். 1982 இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சக மாணவரின் கொடுமையே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டதால், மறு ஆண்டே அந்த நாட்டு அரசாங்கம் தேசம் முழுவதும் பள்ளிகளில் இயக்கம் நடத்தியது.

இந்த வரையறையைப் புரிந்துகொண்டால் சமாதானம் செய்து வைப்பதில் உள்ள தவறும் புரியும். சமாதானத்தில் தமிழருக்கு ஆசை அதிகம். ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து சால் தகராறு வரை இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்கார வைத்து, 'நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு, அவனும் விட்டுக்கொடுக்கட்டும்' என்று முடிப்பதுதான் நியாயம் என்று பழகியாகிவிட்டது. ஆசிரியரும் அதையே செய்கிறார். இரண்டு பையன்களையும் அழைத்து, 'கையைக் கொடுத்துக்கொள்ளுங்கடா' என்கிறார். அடிபட்டவன் எதை விட்டுக்கொடுப்பது? அடித்தவனுக்கு முன்னால் அவனை நிறுத்தி, 'என்ன செய்தான் சொல்' என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? 'ஒன்றுமில்லை சார்' என்பான். அடித்தவனுக்கு ஒரு தகவல் மட்டும் நிச்சயமாகக் கிடைத்துவிடுகிறது: சொன்னது இவன்தான் என்பது.

ஆகவே கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. தனித் தனியே, வேறு வேறு நேரத்தில், முதலில் அடிபட்ட பிள்ளையை, பிறகு அருகிலிருந்தவர்களை, கடைசியாக அடித்தவர்களை விசாரிக்க வேண்டும். இது பெரிய சாஸ்திரம் அல்ல. போலீஸ் ஏட்டு ஒருவருக்கே தெரிந்த விஷயம். பள்ளிகளில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை, அவ்வளவுதான்.

'வம்புக்குப் போகாதே'

யுனெஸ்கோ 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், அதாவது 32 சதவீதத்தினர், கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது சக மாணவரின் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகளிலிருந்து ஏதாவது ஒரு விதத்தில் வித்தியாசமாகத் தெரியும் பிள்ளையே அதிகமாக மாட்டிக்கொள்கிறது என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இல்லை; அப்பா பெயர் இருக்கிறது. நிறம், எண்ணெய் வைத்த தலை, டிபன் பெட்டியில் இட்லி, இந்தியில் ஆண்பால் பெண்பால் தடுமாற்றம் என்று கேலிக்குப் பஞ்சமில்லை. மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. ஆரம்ப வகுப்புகளைத் தமிழில் படித்த பிள்ளை உயர் வகுப்புக்கு வேறு மொழிப் பள்ளிக்கு மாறும் ஆண்டுதான் சோதனையான ஆண்டு. பழைய கூட்டாளிகள் இல்லை, பாஷை நாக்கில் ஏறவில்லை, வயதோ 12, 13.

1966-ல் சிவசேனை தோன்றியதை ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கூச்சலை மும்பையில் பெரியவர்கள் ஏறக்குறைய மறந்துவிட்டார்கள். கட்சிகளும் அதை எப்போதோ விட்டுவிட்டன. 'மதராசி' என்ற சொல் மட்டும் பள்ளி மைதானத்தில் இன்னும் சாகவில்லை. பெரியவர்கள் கழித்துப் போட்டதைப் பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொள்வது உண்டு.

வீட்டுக்கு வந்து பிள்ளை சொன்னால் என்ன பதில் கிடைக்கிறது? 'நீ ஏன் அவர்களோடு சேருகிறாய்? வம்புக்குப் போகாதே. நாம் பிழைக்க வந்தவர்கள்.' இரவு ஷிப்டு முடிந்து வந்த தகப்பனார் சொல்லும் வார்த்தை அது. அதில் கொடூரம் எதுவும் இல்லை, பயம்தான் இருக்கிறது. தொழிற்சாலையிலும் ஆபீசிலும் தானே நாற்பது தடவை வாயை மூடிக்கொண்டு போனதால் பிழைத்த அனுபவம் இருக்கிறது. ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது. தப்பு தன்னுடையது, இங்கே சொல்லிப் பயனில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு சொல்வதில்லை. வயிற்று வலி என்கிறது, தலைவலி என்கிறது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறது. மார்க் குறைகிறது. வீட்டில் தம்பி தங்கையை அடிக்கிறது. காரணம் தெரியாமல் டாக்டரிடமும் கோயிலுக்கும் அழைத்துக்கொண்டு போகிறார்கள்.

முன்பெல்லாம் பள்ளி மணி அடித்தால் அன்றைய தொல்லை முடிந்தது. இப்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படுக்கை வரை கூடவே வருகிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டிருக்கிறது. ஆனால் போனில் கேலி அனுப்புகிறவன் பெரும்பாலும் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவன்தான். போனைப் பிடுங்கினாலும் பெஞ்சு அங்கேயே இருக்கும்.

சட்டம் கையில் இருக்கிறது

ராகிங்கை எதிர்த்துச் சட்டம் வந்த கதையில் தமிழ்நாட்டுக்கு முதன்மையான இடம் உண்டு. 1996-ல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டது நாட்டையே உலுக்கியது. மறு ஆண்டு தமிழகத்தில் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது. 2007-ல் சி.பி.ஐ. முன்னாள் இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு உச்ச நீதிமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மற்றொரு மருத்துவ மாணவர் பலியானார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் பெரும்பாலும் உயர் கல்வி மாணவரை மனத்தில் வைத்து வந்தவை. பள்ளிப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? 2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் தவறு செய்தவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்று அது சொல்வதால், அது ஆசிரியருக்கு எதிரான பாதுகாப்பே தவிர, சக மாணவனுக்கு எதிரானது அல்ல.

மகாராஷ்டிரத்தில் உள்ளவர்களுக்குப் பலர் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. அந்த மாநிலம் 1999-ல் இயற்றிய ராகிங் தடைச் சட்டத்தில் 'கல்வி நிறுவனம்' என்பது கல்லூரியோடு நிற்கவில்லை. கல்வி புகட்டும் எந்த நிறுவனமும், மாணவர் விடுதியும், ட்யூட்டோரியலும் அதில் அடங்கும். ராகிங் என்பது மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் செய்வது மட்டும் என்றும் அதில் இல்லை. ஒரு மாணவருக்கு உடலாலோ மனத்தாலோ தீங்கும் பயமும் அவமானமும் உண்டாக்கும் செயல் எதுவும் ராகிங்தான். கேலியும் மிரட்டலும் வசையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. தண்டனை 2 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும்.

அதைவிட முக்கியமானது தலைமை ஆசிரியருக்கு அது விதிக்கும் கடமை. எழுத்து மூலம் புகார் வந்தால் 7 நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்ட மாணவரை இடைநீக்கம் செய்து, புகாரைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். முகாந்திரம் இல்லை என்றால் அதையும் எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். விசாரிக்காமல் விட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதப்படுவார்.

எழுத்து மூலம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளி வாசலில் ஆசிரியையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. ஆபீசில் வேலை பார்க்கிறவருக்கு இன்வார்டு நம்பரின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டாம். தேதி போட்டு, நடந்தது இன்ன நாள் இன்ன இடம் என்று எழுதி, ஒரு நகலில் பள்ளி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் 7 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அந்தக் கடிதத்திலேயே, வகுப்பு நடுவே பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது என்றும், பள்ளி விட்டுப் போகும்போது யார் கவனிப்பார்கள் என்றும் கேட்டு எழுதலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்கு ஆதாரம். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்து வீட்டு கிளார்க் எழுதிக் கொடுப்பது ரேஷன் கார்டு விண்ணப்பத்தைவிடக் கஷ்டமானது அல்ல.

பார்த்துக்கொண்டு நின்றவர்கள்

சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய கட்டம் வருவதற்கு முன்னாலேயே தடுக்க முடியாதா? கானடாவில் பள்ளி மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. கொடுமை நடந்த தருணங்களில் 88 சதவீதத்தில் வேறு பிள்ளைகள் சுற்றிலும் இருந்தார்கள். குறுக்கே வந்தவர்கள் 19 சதவீதத் தருணங்களில் மட்டுமே. அப்படி வந்தபோது பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் கொடுமை நின்றுவிட்டது. எந்தத் தலைமை ஆசிரியராலும் 10 விநாடியில் அதைச் செய்ய முடியாது.

பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீனா சால்மிவள்ளி உருவாக்கிய 'கிவா' திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. அடிக்கிறவன் கூட்டத்தின் கைதட்டலுக்காக அடிக்கிறான், கைதட்டலை நிறுத்து என்பதே அதன் சாரம். புகார் வந்த பிறகு அவர்கள் செய்வது இன்னும் கவனிக்கத்தக்கது. அடிபட்ட பிள்ளையிடம் தனியே பேசுகிறார்கள். அடித்தவர்களிடம் தனியே பேசுகிறார்கள். அதோடு வகுப்பில் செல்வாக்குள்ள, நல்ல குணமுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை ஆசிரியர் அழைத்து, அடிபட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கச் சொல்கிறார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவது, வீடு வரை கூட நடப்பது, அவ்வளவுதான். சில வாரம் கழித்து மறுபடி அழைத்து விசாரிக்கிறார்கள். பின்லாந்து பணக்கார நாடு. எல்லாவற்றையும் இங்கே நகல் எடுக்க முடியாது. ஆனால் கூட நடப்பதற்குப் பணம் தேவையில்லை.

அடித்த பிள்ளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 16 வயதைத் தாண்டியவர் கொடிய குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவராகவே விசாரிக்க 2015-ம் வருடத்துச் சிறார் நீதிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அது தண்டிக்கும். ஆனால் அந்தக் கை அரிவாள் வரை போவதற்கு முன்னால் பல மாதங்கள் அது சும்மா கேலி செய்துகொண்டுதான் இருந்தது. அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தன் பிள்ளை அடிபடவில்லை என்று நிம்மதி கொள்ளும் பெற்றோர், அவன் அடிக்கிறானா என்று கேட்பது அபூர்வம்.

வீட்டிலும் பள்ளியிலும் பேச முடியாத பிள்ளை 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 1996-ல் மும்பையில் தொடங்கிய உதவி எண் அது. இப்போது அரசாங்கமே நடத்துகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம்.

உச்ச நீதிமன்றக் கட்டளைகள் சரியாக நடக்கின்றனவா என்று பார்க்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. ஆட்சியர் குழு கூடும்போது கூடட்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மாநகராட்சிப் பள்ளிகளிலும் பள்ளி நிர்வாகக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு ஏற்கனவே சொல்லியிருக்கிறது. புகார் எப்படி விசாரிக்கப்படுகிறது, சொன்ன பிள்ளைக்கு யார் துணை என்று கேட்பதற்கு அதைவிடச் சரியான இடம் இல்லை. வேலை நாளில், வேலை நேரத்தில் அந்தக் கூட்டம் நடந்தால் தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் போக வேண்டும்.